மூன்று முன்பல், இரண்டு கடைவாய்ப்பல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதுவது. நான் சௌக்கியம் என்று எழுதினால் ஆதாரம் எங்கே என்று கேட்பீர்கள். ஆகவே, இன்று காலை ரத்த அழுத்தம் நூற்றி முப்பதுக்கு எண்பத்தைந்து. பார்த்தவர் நம் நர்ஸ் தம்பி. சாட்சி என் மனைவி. அங்கே நீங்களும் தங்கையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. தங்கையிடம் கேட்டால், "அவர் குளிச்சிட்டிருக்காருண்ணா" என்கிறாள். ஒன்றே கால் வருஷமாகக் குளிக்கிறீர்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவருக்கு அழுக்குப் படியும்தான். ஆனாலும் இவ்வளவு குளித்தால் சளி பிடிக்காதா? போன வாரம் அவள் பேசும்போது பின்னால் உங்கள் இருமல் கேட்டது. மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே வேலைக்குக் குறைவில்லை. ஊரில் பல் விழுகிறவரை எனக்குச் சோறு உண்டு. ஆனால் பத்து நாளாகக் கை ஓடவில்லை. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவருக்குச் செய்துகொடுத்த பல்செட்டில் இரண்டு முன்பல்லுக்கு நடுவே சந்து விட்டுவிட்டேன். மனிதர் வாயைத் திறந்தால் ரெஃப்ரி விசில் அடிக்கிற மாதிரி இருக்கிறது. திட்டுவதற்காக வந்தவர், ஒவ்வொரு சொல்லுக்கும் விசில் வர, திட்டவும் முடியாமல் திரும்பிப் போனார். பாவம். மறுபடி செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கை ஓடாததற்குக் காரணம் தங்கை சொன்ன செய்திதான். அடுத்த மாதம் இருபது நாள் லீவில் வருகிறீர்களாம். வந்து நம் வீட்டில் தங்காமல், ரயில் நிலையத்துக்கு எதிரே லாட்ஜில் அறை எடுக்கப் போகிறீர்களாம். போனை வைத்ததும் என் மனைவி, "அவரை என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்று கேட்டாள். விளையாட்டுப் பேச்சில் சின்ன மனத்தாங்கல் என்று மழுப்பினேன். சின்ன மனத்தாங்கலுக்கு யாராவது கைக்குழந்தையோடு லாட்ஜில் தங்குவார்களா என்று கேட்டாள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை மாப்பிள்ளை. போன சனிக்கிழமை நம் சபையில் எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அதை எழுத்து மூலமாகவும் உங்களுக்குத் தர வேண்டும், உங்களுக்குத் தெரிந்தது என்று எதையும் விடாமல் முதலிலிருந்து எழுத வேண்டும் என்பது கெமிஸ்ட்ரி டீச்சரின் உத்தரவு. அவர்தான் நம் நீதிபதி என்பதால் மீற முடியாது.

ஆகவே என் வாக்குமூலம். ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியம் இரண்டு மணிக்கு என் பட்டறையில் ஐந்து பேர் கூடுவோம். நான், நீங்கள், டீச்சர், நர்ஸ் தம்பி, பஸ் ஓட்டுகிற நம் சிவப்புக் கார்டு. வாரம் ஒரு விளையாட்டு ஊழலை எடுத்து விசாரிப்போம். அடி விழுவதற்கு முன்பே மல்லாந்து விழுந்த குத்துச்சண்டைக்காரர் வழக்கு, பந்தைச் சோடா மூடியால் சுரண்டிய கேப்டன் வழக்கு, மருந்துச் சோதனைக்கு மனைவியின் சிறுநீரைக் கொடுத்து, கர்ப்பம் என்று ரிப்போர்ட் வந்த பளுதூக்கும் வீரர் வழக்கு. எல்லாவற்றிலும் சிவப்புக் கார்டுதான் அரசுத் தரப்பு. அவருக்கு உலகத்தில் எல்லோருமே குற்றவாளிகள். பஸ்ஸில் ஏறுகிறவர்களையும் அப்படித்தான் பார்க்கிறார்.

தீர்ப்பு ரகசிய ஓட்டு. பிளாஸ்டர் குழைக்கிற ரப்பர் கிண்ணத்தில் துணியைப் போர்த்தி, ஆளுக்கு ஒரு பல் போட வேண்டும். கடைவாய்ப்பல் என்றால் நிரபராதி, முன்பல் என்றால் குற்றவாளி. ஒருமுறை பல் விழுந்துவிட்டால் வழக்கை மறுபடி எடுக்கக் கூடாது. ஓட்டுப் போட்டவரே தப்பை ஒப்புக்கொண்டால் ஒழிய.

நம் மனத்தாங்கல் தொடங்கிய அன்று உங்கள் கோல்கீப்பர் வழக்கு. லீக் இறுதிப் போட்டியில், ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது, குழந்தை உருட்டியது போல வந்த பந்தைக் கால் நடுவே விட்டவர். அடுத்த வாரமே புதுக் கார் வாங்கியவர். காசு வாங்கிவிட்டார் என்று முப்பது வருஷமாகப் பேச்சு. நீங்களோ அவர் போட்டோவைப் பர்ஸில் என் தங்கை போட்டோவுக்கு முன்னால் வைத்திருந்தீர்கள். வழக்குக்காக நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். பழைய பேப்பர் கடையில் மூன்று நாள் உட்கார்ந்து, அந்தக் கார் புக் செய்தால் வருவதற்கு எட்டு மாதம் ஆகும் என்ற விளம்பரத்தைத் தேடி எடுத்துவந்தீர்கள். அதற்குச் சிவப்புக் கார்டு, "அப்படின்னா சதி எட்டு மாசத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு, கனம் நீதிபதி அவர்களே" என்றார். டீச்சரே சிரித்துவிட்டார். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

வழக்குக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, "மச்சான், நீங்க என் பக்கம்தானே?" என்று கேட்டீர்கள். இதையெல்லாம் கேட்க வேண்டுமா என்று உங்கள் தோளில் தட்டினேன். கிண்ணத்தைக் கவிழ்த்தபோது மூன்று முன்பல், இரண்டு கடைவாய்ப்பல். நீங்கள் பற்களைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். டீயைத் தொடாமல் எழுந்து போனீர்கள். ஆறாவது வாரம் அந்த வெளிநாட்டு வேலைக்குக் கையெழுத்துப் போட்டீர்கள். விமான நிலையத்தில் என் கையில் பெட்டியைக் கொடுத்தீர்களே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை.

என் முன்பல்லை நீங்கள் அன்றே என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டீர்கள். ஆனால் அதை ஏன் போட்டேன் என்பது உங்களுக்குத் தெரியாது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். சிவப்புக் கார்டிடம் அந்த வருஷ இறுதிப் போட்டிக்கு ஒரு டிக்கெட் உபரியாக இருந்தது. அவர் அதுவரை நடத்திய வழக்கு ஒன்றில்கூடத் தோற்றதில்லை, இதிலும் தோற்கக் கூடாது என்றார். நான் டிக்கெட்டை வாங்கிக்கொண்டேன். காசு வாங்கினார் என்று ஒருவரைக் குற்றவாளியாக்க நான் லஞ்சம் வாங்கினேன் மாப்பிள்ளை. உங்கள் கோல்கீப்பர் வாங்கினாரோ இல்லையோ, நான் வாங்கியது சத்தியம்.

அந்த மேட்ச் எப்படி இருந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. என் இருக்கைக்கு முன்னால் ஒரு தூண். வலது பக்கக் கோல் கம்பத்தில் பாதி தெரிந்தது. மற்றதெல்லாம் பக்கத்தில் இருந்தவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கோல் விழுந்ததும் ஊரே எழுந்து கத்தியபோது, யார் போட்டது என்று கேட்க உங்களைத்தான் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் அங்கே இல்லை.

இதைச் சபையில் நான் சொல்லி முடித்தேன். திடீரென்று நர்ஸ் தம்பி எழுந்து, "அடப்பாவி, அந்த டிக்கெட்டை எனக்கில்ல தரேன்னு சொன்னே!" என்று சிவப்புக் கார்டின் சட்டையைப் பிடித்தார். மூன்றாவது முன்பல் அவருடையதாம்! ஒரே டிக்கெட்டைக் காட்டி இரண்டு பேரை வளைத்திருக்கிறார் மனிதர். நர்ஸ் தம்பிக்கு டிக்கெட் கிடைக்காத கோபம் ஒரு வருஷமாக உள்ளே புகைந்திருக்கிறது, ஆனால் வெளியே சொன்னால் தன் குட்டும் உடையுமே. சிவப்புக் கார்டு அசரவில்லை. ஒரே இருக்கையை இரண்டு பேருக்கு விற்பது போக்குவரத்துத் துறையில் சகஜம் என்றார்.

உடனே எங்கள் மூவர் மேலும் வழக்கு. தானே ஒப்புக்கொண்ட ஓட்டப்பந்தய வீரருக்கு இரண்டு வருஷம்தான் தடை என்று முன்பு நாம் தீர்த்ததை நான் எடுத்துக் காட்டினேன். மனைவி கேட்டதால் ஒப்புக்கொள்வது ஒப்புக்கொள்வதாகாது என்று டீச்சர் தள்ளுபடி செய்தார். சிவப்புக் கார்டு ஒரு வருஷத்துக்கு எதிர்த்தரப்பில் மட்டுமே வாதாட வேண்டும், யாரைப் பற்றியும் நல்லதே பேச வேண்டும் என்று தீர்ப்பு. மனிதர் இப்போதே இளைத்துவிட்டார். நர்ஸ் தம்பிக்கு மூன்று மாதம் தடை. என்னை மட்டும் என் பட்டறைக்குள்ளேயே சேர்க்கவில்லை. இனிச் சனிக்கிழமை மதியம் வாசலில் நின்று டீ எடுத்துக் கொடுக்க வேண்டும். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். நஷ்டப்பட்டவர்தான் சொல்ல வேண்டும் என்றார் டீச்சர்.

பழைய தீர்ப்பு ரத்து. ஆனால் புதிதாக ஓட்டுப் போடக் கறைபடாத இரண்டு பேராவது வேண்டும் என்பது விதி. மிஞ்சியிருப்பவர்கள் டீச்சரும் நீங்களும்தான். உங்கள் கோல்கீப்பர் இப்போது குற்றவாளியும் இல்லை, நிரபராதியும் இல்லை, அந்தரத்தில் நிற்கிறார். அவரோடு நானும்.

ஒன்று சொல்ல வேண்டும். ஒரு ஆதாரமும் இல்லாமல் முப்பது வருஷம் ஒரு மனிதரை நம்பினீர்கள். அவரோடு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. என்னோடு ஒன்பது வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மேட்ச் பார்த்தீர்கள். ஒரு மத்தியானம்கூட நான் அந்த நம்பிக்கைக்குத் தாங்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது.

லாட்ஜ் வேண்டாம் மாப்பிள்ளை. அந்த லாட்ஜில் தண்ணீர் காலையில் மட்டும்தான் வரும். நீங்கள் குளிக்கிற அளவுக்குப் போதாது. மாடி அறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. நீங்கள் அக்கா என்று கூப்பிடுகிற என் வீட்டுக்காரி குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னுகிறாள். எந்த அளவுக்குப் பின்னுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. குழந்தையை நாங்கள் போனில்தான் பார்த்திருக்கிறோம். தங்கையை வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். மூவரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

என் தண்டனையை எழுதி அனுப்பாதீர்கள், தங்கையிடம் சொல்லியும் அனுப்பாதீர்கள். வீட்டுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்து, உங்கள் வாயால் சொல்லுங்கள். குறைத்துச் சொல்லாதீர்கள். பெரிய தண்டனையாகவே கொடுங்கள். சரியாக அனுபவிக்கிறேனா என்று பக்கத்தில் இருந்து பார்க்க ஆள் வேண்டுமில்லையா.

இப்படிக்கு,
வாசலில் நிற்கும்
உங்கள் மச்சான்