புகை எந்தப் பக்கம்?

தெரு முனையிலேயே சைக்கிள் மணியடித்து என்னைக் கூப்பிடும் என் அப்பாவுக்கு,

நான் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். அம்மா இப்போது உங்கள் பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். நீங்கள் போன அதே பின்வரிசையில், புதிதாகக் கட்டிய அறையில் வெடிமருந்து செலுத்துகிறாள்.

பள்ளிக்கூடத்தில் எதுவும் மாறவில்லை. வெடிச் சத்தம் கேட்டால் எல்லோரும் மதில் பக்கம் ஓடி, புகை எங்கே என்று பார்க்கிறோம். "நம்ம பக்கம் இல்லடி" என்று யாராவது சொன்னதும் திரும்பி வந்து கணக்குப் போடுகிறோம். நீங்கள் போன அன்று மட்டும் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

வேனில் வேலைக்கு வந்த, பேர்கூடத் தெரியாத ஒரு அக்காவை எரிகிற அறையிலிருந்து வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, இன்னொருத்தியைத் தேடி மறுபடி உள்ளே போனீர்களாம். வாசலில் எங்கள் நினைவு வந்ததா அப்பா? வந்துமா போனீர்கள்?

நேற்று போர்மேன் மாமா வந்தார்.

"மதினி, அண்ணாச்சி செஞ்ச புண்ணியத்துக்கு ஒங்களுக்கு ஏதாச்சும் செய்யணும்னு மொதலாளி சொல்லிட்டாக. திங்கக்கிழமையிலருந்து முன்னாடி ஷெட்டுல லேபிள் ஒட்டுங்க. அங்கன பயமில்ல."

"என் எடத்துக்கு யாரு வாரா?"

"ஏழாயிரம்பண்ணையிலருந்து புதுசா ஒரு பொண்ணு."

"பிள்ளகுட்டி இருக்கா அவளுக்கு?"

"அதெல்லாம் கேட்டா சீசன்ல லோடு ஏத்த முடியுமா மதினி? நீங்க வேண்டாம்னா அந்தப் பொண்ணுக்கு வேலயே இல்ல, பாத்துக்கோங்க."

அவர் போனதும் அம்மா என்னைப் பார்த்தாள். "ஒங்கப்பா யாரோ ஒருத்திக்காகப் போனாக. அந்தப் பேர வச்சு நான் இன்னொருத்திய அங்கன ஒக்கார வச்சிட்டு வரணுமாம். அம்புட்டுப் புத்தகம் படிக்கியே, சொல்லுத்தா."

எல்லா உயிரும் ஒன்றுதான் என்று கட்டுரையில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! எழுதும்போது அந்த உயிர்களில் ஒன்று என் அம்மாவாக இருந்ததில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வாசல் அடைத்திருந்தது அப்பா. "லேபிளுக்கே போம்மா" என்றேன். அம்மா சோறு போட்டாள். இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்கு உங்கள் மேல் கோபமும் இருக்கிறது. எனக்கு மிச்சம் இருப்பது அம்மா மட்டும்தானே?

இனி பின்வரிசையில் புகை எழுந்தால், அம்மா முன்னால் இருக்கிறாள் என்று எனக்கு நிம்மதி வரும். அந்த நிம்மதியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலையில் எஸ்.டி.டி. பூத் பக்கம், வேன் வரும் இடத்தில் நிற்பேன். அந்தப் புதுப் பெண்ணின் பேரைக் கேட்பேன், வீட்டில் யார் யார் என்று கேட்பேன். அதனால் அவள் உட்காரும் அறை மாறிவிடாது, தெரியும். ஆனால் மதிலோரம் நின்று அந்தப் புகையைப் பார்த்து, "நம்ம பக்கம் இல்லடி" என்று இனி நான் சொல்ல மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இன்னமும் மணிச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கும் உங்கள் மகள்,
பொன்மணி