சர்க்கரை ஜாடிக்கு முளைத்த பல்

மார்ச் 3, செவ்வாய்

பல் கட்டும் லேப்பில் இன்று பதினேழு பீங்கான் பற்கள். ஒரு கடைவாய்ப்பல் சூளையில் விரிசல் விட்டது. திரும்பவும் முதலிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை குழுவினர் மூன்று பேர் என் ஜாடிகளைப் பார்க்க வருகிறார்கள். பழைய அடுக்களைப் பீங்கான் சேர்க்கும் கிறுக்கு இந்த ஊரில் என்னோடு சேர்த்து நான்கு பேருக்குத்தான். அலமாரிக்குள் விளக்குப் பட்டை ஒட்டினேன். மாவு, அரிசி, டீ, காப்பி, சர்க்கரை. பளபளக்கும் புது அடுக்களையில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், நூறு வயதான நீல எழுத்து ஜாடிகள் ஐந்து. பார்த்துக்கொண்டே நின்றேன்.

“மைக்ரோவேவ் வைக்க இடமில்ல, மியூசியம் வைக்க மட்டும் இடமிருக்கு” என்றாள் மனைவி.

மார்ச் 8, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை.

மார்ச் 9, திங்கள்

லேப்புக்கு லீவு சொல்லிவிட்டேன். நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பழைய பீங்கானில் ஒட்டுவேலை இருந்தால் ஊதா டார்ச் காட்டிக்கொடுத்துவிடும். பழசு மங்கிக் கிடக்கும், புதுசு பளிச்சிடும். என் ஜாடிகளின் சுத்தத்தை நிரூபிக்கிறேன் பேர்வழி என்று பட்டப்பகலில் திரைச்சீலைகளை இழுத்து மூடி டார்ச் அடித்தேன். மாவு, சுத்தம். அரிசி, சுத்தம். சர்க்கரை ஜாடியில், மூடியின் உச்சிக் குமிழ் மட்டும் நீல வெள்ளையாக ஒளிர்ந்தது.

குழுவில் இருக்கும் மருந்துக்கடைக்காரர் சிரித்துவிட்டார். “சார், உங்க ஜாடிக்குப் பல்லு முளைச்சிருக்கு!”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் டார்ச்சை அணைத்துவிட்டேன். அந்த ஒளியை நான் தினமும் பார்க்கிறேன். அசல் பல் மாதிரி ஒளிர வேண்டும் என்றே பல் செய்யும் பீங்கானில் சேர்க்கும் சமாச்சாரம் அது. எங்கள் லேப்பில் பீங்கான் வேலை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவன் பதினான்கு வருஷமாகப் பக்கத்து மேசையில் இருக்கும் ஒட்டடை. ஒட்டடைக்குச்சி மாதிரி நெட்டையாக இருப்பதால் நான் வைத்த பெயர். பல்லுக்கு வடிவம் கொடுப்பதில் நான் கெட்டிக்காரன், நிறம் சேர்ப்பதில் அவன்.

மூடி தானாக நடந்து அவனிடம் போயிருக்காது. வீட்டில் அவளையும் என்னையும் விட்டால் வேறு யார்?

மார்ச் 10, செவ்வாய்

கேட்டேன். அவள் மறைக்கவில்லை. போன ஆகஸ்டில் துடைக்கும்போது குமிழ் உடைந்ததாம். ஏழு மாதம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள்.

“அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே?”

“முன்ன உங்க பழைய பீங்கான் கோப்பை ஒண்ணு என் கைதவறி உடைஞ்சப்ப நீங்க பதினோரு நாள் என்கூடப் பேசல. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்.”

அது வேறு, அந்தக் கோப்பைக்கு இனி ஜோடி கிடைக்காது என்றேன். எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 11, புதன்

ஒட்டடையிடம் மூடியை நீட்டினேன். பார்த்ததும் முகம் வெளிறியது.

“தங்கச்சி அழுதுக்கிட்டு வந்து நின்னுச்சுடா. என்னை என்ன பண்ணச் சொல்ற?”

“என்கிட்ட சொல்லச் சொல்றேன்!”

மதியச் சாப்பாட்டில் சர்க்கரை ஜாடியைப் பற்றி நான் அளந்தபோதெல்லாம் தலையாட்டிக் கேட்டவன் இவன். போன மாதம் வீட்டுக்கு வந்து, மூடியைத் தூக்கிப் பார்த்து, “ஜாடி கெடக்கட்டும், இந்தக் குமிழ் இருக்கே, அது தனி அழகுடா” என்றான். தன் வேலைக்குத் தானே பாராட்டுப் பத்திரம் வாசித்திருக்கிறான், பாவி. நானும், “அந்தக் காலத்து ஆளுங்க கை வேலைடா” என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அவள் பக்கத்தில்தான் நின்றாள். நான் அந்தப் பக்கம் போனதும் சிரித்திருப்பார்களோ?

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். குமிழ் போனா போகட்டும்டா. என்னை முட்டாளா நிக்க வச்சீங்களே, ரெண்டு பேரும் சேர்ந்து! வீட்டில் ஒருத்தி, வேலையில் ஒருத்தன். இவர்களை விட்டால் நான் யாரை நம்புவது?

மார்ச் 14, சனி

மேசையை ஜன்னல் பக்கம் மாற்றிக்கொண்டேன். சாப்பாடும் தனியாகத்தான்.

மார்ச் 25, புதன்

“சாப்பாடு எடுத்து வச்சிருக்கு.” அவள் பேசுவது அவ்வளவுதான். நான் அதுவும் பேசுவதில்லை. பதினோரு நாள் எப்போதோ தாண்டிவிட்டது. நான் ஒன்றும் எண்ணவில்லை. இன்று பதினைந்து.

ஏப்ரல் 18, சனி

அவள் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அலமாரியில் ஐந்து ஜாடிகள் ஒற்றைப்படையாக உறுத்தின. அடுப்புப் பக்கத்து உப்பு ஜாடியை ஆறாவதாக வைத்துப் பார்த்தால் என்ன? அவள் அம்மா சாகும்வரை புழங்கியது. “சந்தையில கூடை கூடையா கிடைக்கும்” என்று நான் எத்தனையோ முறை கிண்டல் செய்தது. அவள் தினமும் தொடுவது.

ஈரக் கை. மூடி நழுவி சிங்க்கில் விழுந்தது. பிடி மட்டும் தனியாக உருண்டது.

முதலில் எனக்குத் தோன்றியது: அவள் வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டும்.

ஏப்ரல் 19, ஞாயிறு

வந்ததும் கேட்டாள். “உப்பு ஜாடி மூடி எங்க?”

“கழுவிக் காய வச்சிருக்கேன்.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் என்னையே பார்த்தாள். “நீங்களா கழுவுனீங்க? அம்மா ஜாடியவா?” என்று சிரித்தாள். நாற்பது நாளில் முதல் சிரிப்பு. டீ போட்டுக் கொடுத்தாள். குடித்தேன்.

ஏப்ரல் 20, திங்கள்

எல்லோருக்கும் முன்னால் லேப்புக்குப் போனேன். நானே இரண்டு முறை செய்து சுட்டுப் பார்த்தேன். வடிவம் வந்தது, நிறம் ஒத்துப்போகவில்லை. ஒன்பது மணிக்கு ஒட்டடை வந்தான். கைக்குட்டையில் சுற்றியிருந்த மூடியையும் பிடியையும் அவன் மேசையில் வைத்தேன்.

பிரித்துப் பார்த்தான். யாருடைய ஜாடி என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. வெவ்வேறு நிறப் பல் மாதிரிகளை வரிசையாகக் கோத்த சட்டத்தை எடுத்து, ஒவ்வொன்றாகப் பிடியோடு வைத்துப் பார்த்தான்.

“வீட்டுல தெரியுமா?”

“தெரியாது” என்றேன். பிறகு, “சொல்லிடாதடா” என்றேன்.