எதிர்க்கடை ஷட்டர்

எதிர்க்கடைக்காரனுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். வாளி விலையைக் குறைத்து என் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டவனை நலம் விசாரிக்க எனக்கென்ன தலையெழுத்து? அன்றோடு நின்ற பேச்சு நின்றதுதான்.

தெருமுனைப் பெரிய கடையில் இப்போது வாளி வாங்கினால் குவளை இலவசம். உள்ளே குளுகுளுவென்று இருக்கிறதாம். நான் உள்ளே போகவில்லை, வாசலில் நின்று பார்த்தேன், அவ்வளவுதான். உன் வாடிக்கையாளர்களும் என் வாடிக்கையாளர்களும் அங்கேதான் இருந்தார்கள். என்னைக் கண்டதும் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

நீ கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டாய். உன் ஷட்டர் சத்தம் கேட்பதற்குள் என் கடையைத் திறந்துவிட வேண்டும் என்று காலையில் ஓடி வருவேனே, அந்த ஓட்டம் மட்டும் இன்னும் நிற்கவில்லை. திறந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். ஜெயித்த மாதிரியே இல்லை.

நேற்று ஓர் அம்மா வந்து, "அண்ணே, குக்கர் வளையம் இருக்கா?" என்று கேட்டார். இல்லாத பொருளுக்காக நான் ஒருநாளும் யாரையும் உன்னிடம் அனுப்பியதில்லை, உனக்கே தெரியும். "நாளைக்கு வந்துடும்" என்றுதான் சமாளிப்பேன். நேற்று என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது.

"எதிர்க்கடையில கேளுங்கம்மா. அவன்கிட்ட இருக்கும்."

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"மூடியிருக்கே, அண்ணே?"

"வந்துடுவான்" என்றேன். "கொஞ்சம் உட்காருங்க."

இப்படிக்கு,
உன் எதிர்க்கடைக்காரன்