ஜொனிக்குக் கொடுத்த தேத்தண்ணி

ஸ்பிரிங்வெளி,
பதுளை.
19.09.2024

அன்புள்ள மகன் ஷெல்டனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் இங்கே நானும் அம்மாவும் உன் மனைவி ஜெசிந்தினியும் பிள்ளைகள் இரண்டும் மூன்று வேளையும் சாப்பிட்டு, சண்டை போட்டு, சமாதானமாகி இருக்கிறோம், அதுபோல அங்கே நீயும் சளி இருமல் இல்லாமல், வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் செபம். என்னடா இந்த மனிதன் திடீரென்று கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். நீ கண்டியில் போர்டிங்கில் இருந்து படித்த காலத்தில் எழுதியதோடு சரி, அதற்குப் பிறகு நான் பேனா பிடித்தது பென்ஷன் ஃபோமில் கையெழுத்து வைக்க மட்டும்தான். என்னுடையது பட்டன் போன், ஜெசிந்தினியின் போனில் நீ கூப்பிட்டால் வீடே கூடிவிடும், உன் அம்மா பாதிப் பேச்சில் அதைப் பிடுங்கிக்கொள்வாள், அதற்கு நடுவில் நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாது. அதனால் இதை எழுதி முடித்து பதுளை டவுனுக்குக் கொண்டுபோய், ஃபோட்டோ கொப்பிக் கடை ஹஸீபிடம் கொடுத்துப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன். அவர் படிக்க மாட்டார், படித்தாலும் பரவாயில்லை, என்னைப் பற்றித்தானே எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறாய், சின்னவன் ஜொனியை ஒரு வருடம் எங்களிடம் விட்டுவிட்டு ஜெசிந்தினியும் ஷெனாயாவும் மட்டும் உன்னிடம் வருவதா, இல்லை இரண்டு மாதம் பொறுத்து மூன்று பேரும் சேர்ந்து வருவதா என்று. அந்த முடிவை எடுக்கும் முன் இது உன் கையில் கிடைக்க வேண்டும், அதற்குத்தான் இந்த அவசரம்.

முதலில் வீட்டுச் சங்கதி. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், எண்ணெய் தடவு என்றால் நாளைக்கு என்பாள், மேட்டுக் கோவிலுக்கு மட்டும் எனக்கு முன்னால் ஏறிவிடுவாள். ஷெனாயாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, அந்தப் பல்லில்லாத வாயோடு இங்கிலீஷ் பாட்டுப் பாடிக்கொண்டு திரிகிறாள், கனடாவில் எல்லோருக்கும் இது தெரியுமாம், தனக்குத் தெரியாவிட்டால் வெட்கமாம். பின்னேரம் ஆனால் மழை, புல்லில் கால் வைக்க முடியவில்லை அட்டை. வீட்டுக்குப் பின்னால் ஜெசிந்தினி போட்ட பாத்தியில் வல்லாரை நன்றாகப் படர்ந்திருக்கிறது, கீரை ஆய்வதற்கு என்னையும் பிடித்து உட்கார வைத்துவிடுகிறாள். நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னதால் தினமும் காலையில் ஃபெக்டரிச் சந்தி வரை போய் வருகிறேன், ஜொனியும் கூடவே. அந்த நடையைப் பற்றித்தான் கீழே எழுத வேண்டும், எழுதுகிறேன்.

போன வாரம் விசா மெடிக்கலுக்காகக் கொழும்புக்குப் போன கதையை நீ அரைகுறையாகத்தான் கேட்டாய். செவ்வாய்க்கிழமை விடிகாலைக் கோச்சியில் பதுளை ஸ்டேஷனில் ஏறினோம், நான், ஜெசிந்தினி, பிள்ளைகள் இரண்டும். அம்மா முழங்காலைச் சொல்லி நின்றுவிட்டாள், ஆனால் ஒரு கிழமைக்குப் போதுமான சாப்பாட்டைக் கட்டித் தந்தாள். எல்ல வரைக்கும் பிள்ளைகள் ராஜா ராணி மாதிரி வந்தார்கள், எல்லவில் வெள்ளைக்காரர்கள் ஏறிக் கதவில் தொங்கிக்கொண்டு படம் பிடிக்கத் தொடங்கியதும் ஷெனாயா தானும் தொங்க வேண்டும் என்று ஒரே அழுகை. பண்டாரவளையில் வடை வாங்கினோம், பழைய கணக்குக் கொப்பித் தாளில் சுற்றிக் கொடுத்தான், அதில் யாரோ ஒரு பிள்ளை எல்லாக் கணக்கையும் பிழையாகச் செய்திருந்ததைப் பார்த்து ஷெனாயா அழுகையை நிறுத்தினாள். ஹப்புத்தளை தாண்டி வளைவுகள் வரவும் ஜொனி வாந்தி எடுத்தான். ஒரு தடவை இல்லை, நானுஓயா போவதற்குள் மூன்று தடவை. ஜெசிந்தினி பதறவே இல்லை மகன். பொலித்தீன் பை, ஈரத்துணி, மாற்றுச் சட்டை எல்லாம் கைக்கு எட்டுகிற பையில் தனியாக வைத்திருந்தாள், பிள்ளையை வண்டி போகிற பக்கம் பார்க்க உட்கார வைத்து, போனைப் பிடுங்கிப் பைக்குள் போட்டு, ஆறின தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். நான் பெரிய மனிதன் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைத் திற, ஜன்னலை மூடு என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் என்னால் ஆன உதவி. பிளேனிலும் அவள் அப்படித்தான் சமாளிப்பாள், நீ ஒன்றுக்கும் பயப்படாதே. இறங்கும்போது பிள்ளைக்குக் காது அடைக்கும் என்கிறார்கள், அந்த நேரம் சப்பிக் குடிக்க ஏதாவது கொடுக்கச் சொல்லு.

இனி வருவதை நின்று நிதானமாகப் படி. ஜொனிக்கு ஒரு வயது முடிந்ததிலிருந்து நான் அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்து வந்தேன். கிளினிக்கில் நிறை பார்க்கிற மிட்வைஃப் அம்மா என் முன்னாலேயே சொன்னார், "தாத்தா, அஞ்சு வயசு வரைக்கும் பிள்ளைக்கித் தேத்தண்ணி வாணாங்க, சாப்பாட்டுச் சத்து ஒட்டாது" என்று. நான் சிரித்தேன். முப்பத்து நான்கு வருடம் தேயிலை ஃபெக்டரியில் நின்றவனுக்குத் தேயிலையைப் பற்றி இந்தப் பிள்ளை சொல்லித் தருகிறதா என்று நினைப்பு. நம் லயத்து வீடுகளில் எந்தப் பிள்ளை தேத்தண்ணி குடிக்காமல் வளர்ந்தது, என் அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது போத்தலில் சீனி போட்ட சாயத் தண்ணியைத்தான் எனக்கு வைத்துவிட்டுப் போவாள், நீயும் அப்படித்தான் வளர்ந்தாய், நமக்கு என்ன குறைந்துவிட்டது என்று கேட்டேன். ஜெசிந்தினி ஒரு தடவைதான் சொன்னாள், "மாமா, கோவிச்சுக்காதிங்க, பிள்ளைக்கி மட்டும் குடுக்காதிங்க" என்று. நான் கோபித்துக்கொண்டு அன்று பகல் வீட்டில் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை, நானும் வீட்டில் கொடுக்கவில்லை. காலை நடைக்குப் போகும்போது சின்ன ஃபிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டு போய், சந்தியில் கல்லில் உட்கார்ந்து, மூடியில் ஊற்றி ஆற்றிக் கொடுப்பேன். அவன் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டு "இன்னும்" என்பான், நானும் ஊற்றுவேன். வீட்டுக்கு வந்தால் ரொட்டியும் வேண்டாம், முட்டையும் வேண்டாம், வயிறு நிறைந்துவிட்டது. சாப்பிட மாட்டேன் என்கிறான் என்று ஜெசிந்தினி மணிக்கணக்கில் பின்னால் திரிவாள், நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

கோச்சியிலும் கொடுத்தேன். ஹட்டன் தாண்டி அவள் ஷெனாயாவைக் கழிவறைக்குக் கூட்டிப் போன நேரம், வாந்தி எடுத்த பிள்ளைக்கு வயிறு ஆறட்டும் என்று ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். வண்டி ஆடியதில் சட்டையில் கொஞ்சம் சிந்திவிட்டது. அவள் திரும்பி வந்து அந்தக் கறையைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை, ஈரத்துணியை எடுத்துத் துடைத்துவிட்டு அவனை மடியில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் மெடிக்கலில் ஒரு பெண் டொக்டர், நல்ல பொறுமையான பிள்ளை, ஜொனியின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார், உடனே இரத்தம் எடுக்கச் சொன்னார். இரத்தச் சத்து பதினொன்றுக்கு மேல் இருக்க வேண்டியது எட்டுதான் இருக்கிறது, இரண்டு மாதம் மருந்து கொடுத்து மறுபடி பார்த்த பிறகுதான் கையெழுத்து வைப்பேன் என்று சொல்லிவிட்டார். பிறகு கேட்டார், "தேத்தண்ணி குடுக்கிறீங்களா?" என்று. நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். வாயைத் திறப்பதற்குள், திறந்திருப்பேனோ என்னவோ எனக்கே தெரியாது, ஜெசிந்தினி சொன்னாள், "ஆமாங்க டொக்டர், நாந்தான் காலையில குடுப்பேன்" என்று. அவள் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சம் இல்லை. படித்த தாய் இப்படிச் செய்யலாமா, சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாமல் தேயிலை தடுக்கும் என்று தெரியாதா என்று டொக்டர் கேட்கக் கேட்க அவள் தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள். நான் ஜொனியின் தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். அறுபத்தெட்டு வயது மனிதன், பேரப்பிள்ளையின் தொப்பியை உருட்டிக்கொண்டு சும்மா இருந்தேன்.

அன்று பின்னேரம் வத்தளையில் சின்னம்மா வீட்டில் இருக்கும்போது நீ கூப்பிட்டாய், ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. பெத்த பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கத் தெரியாதா, இரண்டு வருடம் நான் இங்கே குளிரில் கிடப்பது எதற்கு என்று கேட்டாய். அதோடு விடவில்லை, ஜொனி அங்கேயே இருக்கட்டும், உன்னை விட அப்பா அம்மா நல்லாப் பார்ப்பார்கள் என்றாய். உன்னிடம் மறைக்க மாட்டேன் மகன், அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஜொனி இன்னும் ஒரு வருடம் என் கையைப் பிடித்துச் சந்திக்கு வருவான் என்று ஒரு நிமிடம் மனசு துள்ளியது. அதற்குப் பிறகுதான் ஜெசிந்தினியின் முகத்தைப் பார்த்தேன். அந்த ஒரு நிமிடத்தை நினைத்து எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது. தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து, அவன் இரத்தத்தைக் குறைத்தவன் கையிலேயே கொடுக்கப் பார்க்கிறாய், நீ தெரியாமல் செய்கிறாய், நான் தெரிந்துகொண்டே வாங்கிக்கொள்வதா?

இன்னொன்றும் நினைவுக்கு வந்து தொல்லை கொடுக்கிறது. நீ ஐந்தாம் வகுப்பில் காலைக் கூட்டத்தில் இரண்டு தடவை மயங்கி விழுந்தாய். வெயில் என்றோம், கண் பட்டுவிட்டது என்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். நமக்கு என்ன குறைந்துவிட்டது என்று நான் கேட்டேன் அல்லவா, யார் அளந்து பார்த்தோம்?

இப்போது ஜொனி நன்றாக இருக்கிறான். மருந்தைக் கண்டால் மேசைக்குக் கீழே போய்விடுவான், இழுத்து உட்கார வைத்து, கொடுத்த கையோடு ஒரு தோடம்பழம் உரித்துக் கொடுப்பது என் வேலை. சாப்பாட்டில் நெத்தலி, பயறு, வல்லாரை, முட்டை என்று அவள் மாற்றி மாற்றிக் கொடுக்கிறாள், நேற்று ரொட்டியைத் தானாகக் கேட்டு வாங்கினான், அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நடைக்கு ஃபிளாஸ்க் போவதில்லை. கல்லைக் கண்டதும் அவன் உட்கார்ந்து கையை நீட்டுகிறான், தேத்தண்ணி முடிந்துபோய்விட்டது என்று சொல்கிறேன், நம்பாமல் என் பையைத் தடவிப் பார்க்கிறான். அவன் பார்க்கக் கூடாது என்று நானும் இப்போது கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்றுதான் குடிக்கிறேன், பீடி குடிக்கிற பள்ளிக்கூடப் பையன் மாதிரி. உன் அம்மா இதை லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்துவிட்டாள்.

நேற்று ஜெசிந்தினி துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, ஷெல்டனுக்கு எல்லாவற்றையும் எழுதப் போகிறேன் என்று சொன்னேன். மன்னித்துக்கொள் பிள்ளை என்றும் கேட்டேன், நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "எழுதாதிங்க மாமா. அவரு ஒங்களோட கோவிச்சா ஒங்களால தாங்க ஏலாது. என்னோட கோவிச்சா ரெண்டு நாள்ல சரியாயிருவாரு" என்றாள். அன்று டொக்டரிடமும் அதை நினைத்துத்தான் சொல்லியிருக்கிறாள். உன்னைப் பற்றி அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. மகன், நீ அவளை ஏசி இன்றோடு எட்டு நாள் ஆகிறது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது ஸ்பீக்கர் வேண்டாம், முதலில் அவளோடு தனியாகப் பேசு. என்னிடம் கோபப்படுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள், எவ்வளவு வேண்டுமானாலும் ஏசு, நான் தாங்குவேன். இரண்டு மாதம் பொறு. ஜொனியின் இரத்தம் ஏறட்டும், மூன்று பேரையும் ஒன்றாகக் கட்டுநாயக்கவுக்குக் கொண்டுபோய் பிளேன் ஏற்றிவிடுகிறேன். நீ வேறு முடிவு சொன்னாலும் ஜொனியை நான் வைத்துக்கொள்ள மாட்டேன், அவனை அவன் தாயோடுதான் அனுப்புவேன், இதை உன் அப்பாவின் கடைசிச் சொல்லாக எடுத்துக்கொள்.

காதை மூடி உடுத்து, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. உன் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு அப்பாவும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம், மாதா உன்னைத் தன் பார்வையிலேயே வைத்திருக்கட்டும். மறந்துவிடாமல் இதையும் செய், ஜொனிக்கு அங்கே யாரும் தேத்தண்ணி கொடுக்காமல் உன் கூட்டாளிகளிடம் இப்போதே சொல்லி வை. என்றைக்காவது நான் அங்கே வந்தால், என் பையையும் பார்த்துவிட்டு வீட்டுக்குள் விடு.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
அ. யேசுரத்தினம்