இராகுகாலத்துக்கு முன் இறக்கிய படகு

வோபர்ன், ஸ்காபரோ,
கனடா.
18.05.1998

அன்பின் சந்திரவதனாவுக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. இருமல் குறைந்துவிட்டது என்ற வரியைத் தேடி வாசித்த பிறகுதான் மற்றதை வாசித்தேன். நாங்கள் மூவரும் சுகம்.

மாமி காலமாகி ஒரு வருடமும் ஆகி, ஆட்டைத் திவசமும் முடிந்துவிட்டது. விசாவுக்காக நீர் கொழும்புக்குப் போவதுதான் பாக்கி. ஆனால் தரைப்பாதை பூட்டிக் கிடக்கும் இந்த நேரத்தில், கடலுக்குப் பயம், யாழ்ப்பாணத்தில் இருந்து போகும் திருகோணமலைக் கப்பலில் மட்டும் ஏறமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர். அதற்குப் பதிலாக நேற்று நடந்ததைச் சொல்கிறேன். எதையும் உதாரணத்தோடுதானே எனக்குச் சொல்ல வரும்.

மருமகன் நீக்கிலாஸ் போன புரட்டாதியில் ஒரு பழைய மோட்டார்ப் படகு வாங்கினார். கார்த் தொழிற்சாலையும் அடுக்குமாடி வீடுமாக இருந்தாலும் பாசையூர்க் கடற்கரையில் வளர்ந்த பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டியிருக்கிறது. படகு பனிக்காலம் முழுக்க விட்பித் துறையில் நீலப் படங்குச் சீலையின் கீழ்க் கிடந்தது. உம்முடைய மகள் சாம்பவி அதைத் தொட்டதும் இல்லை. ஊரை விட்டு வெளிக்கிட்ட இரவு, கிளாலிக் கடலில் நாங்கள் படகேறும்போது நீர் முழங்கால் தண்ணீர்வரை வந்து, அம்மாவை ஆர் பார்ப்பது என்று சொல்லித் திரும்பிப் போனீர். அன்று என் மடியில் முகம் புதைத்து வந்த பிள்ளை, ஐந்து வருடமாக இங்கே ஏரிக்கரைப் பக்கமே போகவில்லை. சாப்பாடு கொண்டு வாறன், காரை விட்டு இறங்கமாட்டன் என்று சொல்லித்தான் நேற்றும் வந்தாள்.

காலையிலேயே தொடங்கினோம். படங்கை அவிழ்த்தால் உள்ளே அணில் ஒன்று கொட்டைகளைச் சேர்த்து வைத்துக் குடியிருந்திருக்கிறது. நான் பாசியைச் சுரண்டினேன். மருமகன் அடிப்பக்கத்துக்குப் பெயின்ற் பூசி, எஞ்சினுக்குப் புது ஸ்பார்க் பிளக்குகள் போட்டார். கழற்றிய பழைய பிளக்குகளைத் துடைத்து வெறும் பால்மாத் தகர ரின்னில் போடுவது என் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு இராகுகாலம். அதற்குள் படகு தண்ணீரைத் தொடவேண்டும் என்று சொல்லிவிட்டேன். வேதக்காரப் பிள்ளை மறுக்கவில்லை. "மாமா, உங்கட இராகு கனடா நேரம் பாக்குமோ, யாழ்ப்பாண நேரம் பாக்குமோ?" என்று மட்டும் கேட்டார். படகு ஏற்றிய இழுவை வண்டியின் சில்லுகளுக்குக் கீழே நான் எலுமிச்சம்பழம் வைத்தேன். அவர் மாதா கோயில் தீர்த்தம் தெளித்தார். பக்கத்துப் படகு வெள்ளைக்காரர் எலுமிச்சம்பழத்தைக் கண்டுவிட்டு, குடிவகை எப்போது வரும் என்று ஆவலோடு விசாரித்தார்.

இனித்தான் பாடம். படகின் அடியில் ஒரு துவாரம் உண்டு. எங்கள் கிணற்றடித் தொட்டிக்குத் துணி அடைப்போமே, அதுபோல அதற்கும் ஓர் அடைப்பு. உருகும் பனி ஓடட்டும் என்று மாரியில் அதைக் கழற்றிவிடுவார்கள். மறந்துபோகாமல் இருக்க நீக்கிலாஸ் அதைக் கார்ச் சாவியோடு கோர்த்திருந்தார். நான் மணிக்கூட்டைக் காட்டிக் காட்டி நின்ற அவசரத்தில், அந்தச் சாவியையே சாம்பவியிடம் கொடுத்து, வண்டியைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லிவிட்டுப் படகில் ஏறிக்கொண்டார். சாவியோடு தொங்குவது ஏதோ அழகுக்கு என்று அவள் நினைத்தாளாம்.

படகு மிதந்தது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தேவாரம் தொடங்கினேன். நீக்கிலாஸ் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பிறகு "பிளக்! பிளக்!" என்று ஒரே கத்தல். நாள் முழுக்கப் பிளக் துடைத்தவன் என்ன செய்வான்? கயிற்றைக் கட்டிவிட்டுப் பால்மா ரின்னோடு ஓடி, நல்லதாக ஒன்றைப் பொறுக்கி நீட்டினேன். "ஐயோ மாமா, உது இல்லை!" என்றார் அவர், குதிக்காலால் துவாரத்தைப் பொத்தியபடி. அந்த அடைப்புக்கும் இங்கே பிளக் என்றுதான் பெயராம்.

கார்க் கதவு அடிபட்டது. சாவிக்கொத்தோடு ஓடிவந்த சாம்பவி படகுத்துறை மேடையோரத்தில் நிற்கவில்லை. படகுக்குள் குதித்து, கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு அடைப்பைத் திருகினாள். மாமனும் மருமகனுமாக ஓட்டைப் படகுக்குப் பூசை செய்திருக்கிறியள் என்று ஏசிக்கொண்டே வாளியால் இறைக்கத் தொடங்கினாள்.

இறைத்து முடிந்தபோதுதான் தான் நிற்கும் இடம் அவளுக்கு விளங்கியது. வாளி கையிலேயே நின்றது. அவள் கைமணிக்கூட்டைப் பார்த்தாள். "அப்பா, இராகுகாலம் தொடங்கிட்டுது. இனி இறங்கக்கூடாதுதானே?" என்றாள். ஓம் பிள்ளை, ஆறு மணிவரை கூடவே கூடாது என்றேன். இவ்வளவு கண்டிப்பாக நான் இராகுகாலம் பார்த்ததே இல்லை.

துறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தோம். முதலில் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தவள், பிறகு சுக்கானைப் பிடித்துக்கொண்டாள். நீக்கிலாசுக்கு முகமெல்லாம் பல். இடையில் கரையில் ஒதுக்கி, நான்தான் இறங்கிப்போய் இடியப்பத்தை எடுத்துவந்தேன். இராகு என்னை ஒன்றும் செய்யவில்லை.

பயம் போய்விட்டதா என்று திரும்பி வரும் வழியில் கேட்டேன். இல்லை, இருக்குது, கைக்கு வேலை இருந்தது என்றாள். எத்தனையோ வருடம் படிப்பித்த எனக்கும் இதைவிட நன்றாக விளக்கத் தெரியாது. ஆகவே, கப்பலில் கைக்குழந்தைக்காரி ஒருத்தியின் பக்கத்தில் இரும். அவளுடைய பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளும். கப்பலில் இடம் பதிய, இந்தக் கிழமையே அரச அதிபரின் கச்சேரியில் பெயரைக் கொடும்.

படகில் ஆளுக்கொரு மிதவை அங்கி இருக்கவேண்டும் என்பது இங்கே சட்டம். நாலாவது அங்கி வாங்க நாளைக்குக் கடைக்குப் போகிறாள் சாம்பவி. அம்மாவின் அளவு என்ன என்று என்னைக் கேட்கிறாள். நீர் மெலிந்திருப்பீர் என்கிறாள் அவள். முன்போலத்தான் இருப்பீர் என்கிறேன் நான். இரண்டு பேருக்கும் தெரியவில்லை. வந்து, போட்டுப் பார்த்து, நீரே சொல்லும்.

பிள்ளையார் உம்மோடு வருவார்.

வழி பார்த்திருக்கும்,
இரத்தினவேல்