இரு, அம்மாகிட்ட கொடுக்கிறேன்

அன்புள்ள சுண்டுவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலம். நீயும் நலமாக இருப்பதாக உன் அம்மா வழியாகத் தெரிந்துகொண்டேன். உன்னைப் பற்றிய எல்லாச் செய்தியும் எனக்கு அந்த வழியாகத்தானே வருகிறது, அதனால் இதையும் அப்படியே நம்பிக்கொள்கிறேன். கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா, போனில் சொல்லக்கூடாதா என்று நீ கேட்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். "நல்லா இருக்கியா?" என்பேன், "நல்லா இருக்கேன்பா" என்பாய், "சாப்டியா?" என்பேன், "சாப்டேன்பா" என்பாய், உடனே என் வாய் தானாக "இரு, அம்மாகிட்ட கொடுக்கிறேன்" என்று சொல்லிவிடும். காகிதத்தை யாரிடமும் கொடுக்க முடியாது பார், அதனால்தான் இது.

முதலில் வீட்டு விஷயங்கள். உன் பெரியம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். உன் அம்மா போய் ஒரு வாரம் கூட இருந்துவிட்டு வந்தாள். நம் மோட்டார் மறுபடியும் மக்கர் பண்ணியது, ஆள் வந்து பார்த்து, இதைத் தூக்கிப் போடுங்கள் சார் என்று சிரித்துவிட்டுப் போனார். ஆனாலும் ஓடுகிறது. என் சர்க்கரை அளவு பரவாயில்லை. உன் அம்மா இல்லாத அந்த வாரத்தில் நான் துணி துவைக்கும் இயந்திரத்தை இயக்கக் கற்றுக்கொண்டேன், இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் அந்த வேலை நிரந்தரமாக என் தலையில் விழும். இந்த வயதில் ஒரு பட்டனை அமுக்கக் கற்றுக்கொண்டதைப் பெருமையாக எழுதுகிறேனே என்று சிரிக்காதே. சிலதெல்லாம் எனக்குக் காலம் போன பிறகுதான் மண்டையில் ஏறுகிறது. டெய்லர் விஷயத்தையும் கேள். கீழ்வீட்டு டெய்லர்தான், உனக்குப் பள்ளிச் சீருடை தைத்தவர். அவர் மகனும் உன்னைப் போலவே எங்கேயோ தூரத்தில் இருக்கிறான். அவன் தினமும் அப்பாவைக் கூப்பிடுகிறான். இவர் போனை மெஷின் மேல் வைத்து சத்தமாகப் போட்டுவிட்டு, கால் அதுபாட்டுக்கு மிதிக்க, அவனோடு பேசிக்கொண்டே தைக்கிறார். நேற்று என் கால்சட்டையின் இடுப்பைப் பிடிக்கச் சொல்லக் கொண்டுபோனேன். அங்கே பேச்சு நடக்கிறது. என்னடா பேசுகிறார்கள் என்று கேட்டால் ஒன்றுமே இல்லை, அவன் புதிதாக வாங்கிய செருப்பு கடிக்கிறதாம். செருப்பு கடிப்பதை அப்பாவிடம் சொல்கிறான், சுண்டு! இவர் என்னைப் பார்த்து, "என்கிட்ட சொல்லாம இவனுக்கு ஒண்ணும் ஓடாது சார்" என்று பல்லைக் காட்டுகிறார். எனக்கு வந்த வயிற்றெரிச்சலில் கால்சட்டையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். இப்போது போய்க் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது, இருக்கிற ஒன்றைத்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.

டெய்லர் மேல் பொறாமைப்பட்டால் போகட்டும் என்று விடலாம். எனக்கு உன் அம்மா மேலேயே பொறாமை. எழுதிவிட்டேன், இனி அழிக்கப் போவதில்லை. நீ கூப்பிடும்போது அவள் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கொசு வருமாம். எனக்குத் தெரியாதா எந்தக் கொசு என்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் சிரிக்கிறாள், கையை ஆட்டுகிறாள், நடுவில் ஒரு தடவை வாயைப் பொத்திக்கொள்கிறாள். நான் இந்தப் பக்கம் எதையோ தேடுகிற பாவனையில் அலமாரியைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வருவாள். என்னவாம் என்று கேட்டால், "நல்லா இருக்காளாம்." ஒரு மணி நேரப் பேச்சை இத்தனை சின்னதாகச் சுருட்டி என் கையில் கொடுக்க அவளால்தான் முடியும். கொஞ்சம் வாயைக் கிளறினால், "எல்லாத்தையும் சொல்லணுமா உங்களுக்கு?" என்பாள். நீ முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டது எனக்கு எப்படித் தெரியும் தெரியுமா? ஆஸ்பத்திரியில் பெரியம்மாவைப் பார்க்கப் போனபோது, "உங்க பொண்ணுக்கு அந்தக் கட்டிங் நல்லா இருக்கில்ல?" என்று அவர் கேட்டார். ஆமாம் ஆமாம் என்று அசடு வழிந்துவிட்டு வந்தேன். பெற்றவன் நான், படம் முழங்காலில் கட்டுப் போட்டவருக்குப் போயிருக்கிறது.

இதில் பாதிக் குற்றம் என்னுடையதுதான் என்று நீ சொல்லலாம். பாதிதான், அதற்கு மேல் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆஸ்பத்திரி டெலிபோன் ஸ்விட்ச்போர்டில் உட்கார்ந்து என் வேலைக்காலம் முழுவதும் நான் செய்தது, வந்த அழைப்பை இன்னொருவரிடம் கொடுப்பது ஒன்றுதான். யாராவது கூப்பிடுவார்கள், பிள்ளை பிறந்ததா என்று கேட்பார்கள், அப்பாவுக்குக் கண் திறந்ததா என்று கேட்பார்கள், சிலர் ஒன்றும் கேட்காமல் அழுவார்கள். இருங்கள், இணைக்கிறேன் என்று சொல்லி, எந்த வார்டோ அங்கே கொடுத்துவிட்டுக் காதிலிருந்து ஹெட்போனை எடுத்துவிட வேண்டும். ஒட்டுக் கேட்கக் கூடாது. காதில் தப்பித் தவறி விழுந்தாலும் வெளியே சொல்லக் கூடாது. அதுதான் எங்கள் வேலையின் மானம். அழைப்பு உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டால் ஆபரேட்டருக்கு அங்கே இடமில்லை. அப்படியே பழகி, வீட்டிலும் மணி அடித்தால் உரியவர் யார் என்றுதான் என் மூளை தேடும். நானே உரியவனாக இருப்பேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. யாரும் சொல்லித் தரவும் இல்லை. இப்போது தெரிந்து என்ன செய்ய, நீ நேராக அவள் நம்பருக்கே கூப்பிடப் பழகிவிட்டாய்.

இனி, எதற்காக எழுத உட்கார்ந்தேனோ அது. பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பிய அன்று உன் அம்மா அவசரத்தில் தன் போனைச் சமையலறை ஜன்னலில் சார்ஜில் போட்டபடியே மறந்துவிட்டுப் போய்விட்டாள். மதியம் நான் முட்டை வேகவைத்துக்கொண்டிருக்கிறேன், அது அடிக்கிறது. உன் படம், குட்டை முடியோடு. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நினைக்கிறாய்! இன்றைக்கு அவள் இல்லை, இவள் என்னோடுதான் பேசியாக வேண்டும் என்று கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீ பேசிவிட்டாய். "அம்மா, வேலையை விட்டுட்டேம்மா. என்னால முடியலம்மா. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத, அவரு தாங்க மாட்டாரு." அப்புறம் நீ அழுதாய். என் வாய் வழக்கம்போல, இரு, அம்மாகிட்ட கொடுக்கிறேன் என்று சொல்லத்தான் எழும்பியது. வீட்டில் அம்மா இல்லை. அந்தப் போனைக் கொடுக்க எனக்கு ஆளே இல்லை, சுண்டு. என் காதில்தான் நீ அழுதாய், ஆனால் என்னிடம் அழவில்லை. ஒட்டுக் கேட்கிறோம் என்று பயம் வந்துவிட்டது. பழக்கதோஷம், அமுக்கிக் கட் பண்ணிவிட்டேன். லைன் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலம் பெரியம்மா போனிலிருந்து உன் அம்மா கூப்பிட்டு, "என் போன் அங்கயா கெடக்கு? அவ கூப்பிட்டாளா?" என்று கேட்டாள். அடித்தது, எடுத்ததும் லைன் போய்விட்டது, ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னேன். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். பெரியம்மா போனிலேயே நீ அவளிடம் சொல்லியிருப்பாய்; முகத்தைப் பார்த்தேன், எல்லாம் தெரிந்த முகம். என்ன சொல்கிறாள் நம் பெண் என்று கேட்டேன். "நல்லா இருக்காளாம்" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், வேலை போனதே என்று எனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. எனக்கு வந்தது வெறும் பொறாமை. சிரிப்புதான் அவளுக்கு என்று இத்தனை நாள் பொருமிக்கொண்டிருந்தேன், அழுகையும் அவளுக்குத்தானா? கட்டிலில் படுத்துக்கொண்டு பெரியம்மாவும் கேட்டிருப்பார். வீட்டில் மூன்று பெண்களுக்குத் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியக்கூடாது. அவர் தாங்க மாட்டாராம். ஏன் அப்படி நினைத்தாய் என்று இரண்டு நாள் யோசித்தேன். உன் வேலையைப் பற்றித் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தவன் நான்தானே. மருந்துக் கடைக்காரர், முடி வெட்டுபவர், மோட்டார் பார்க்க வந்தவர், யாரையும் விட்டுவைக்கவில்லை. அந்தப் பெருமையை உடைப்பதற்கு நீ பயந்திருப்பாய். ஒன்று கேட்கிறேன், நான் வேறு எதைச் சொல்லி அவர்களிடம் பெருமை அடிப்பேன்? உன் செருப்பு கடிப்பது எனக்குத் தெரியாது, முடி வெட்டியது தெரியாது, நீ எதற்குச் சிரிக்கிறாய் என்று தெரியாது. கம்பெனி பெயர் ஒன்றுதான் தெரியும், அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இன்று காலை டெய்லர் படியில் மடக்கி, "பொண்ணு வேலையெல்லாம் எப்படிப் போகுது சார்?" என்றார். பொண்ணு முடி வெட்டியிருக்கிறாள், அழகாக இருக்கிறாள் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

ஏன் விட்டாய், அடுத்து என்ன என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. கேட்டால் நான் ஒட்டுக் கேட்டதுபோல் ஆகிவிடும். உன் அம்மாவிடம் இதைச் சொல்லாதே. அவள் உனக்குக் கொடுத்த வாக்கை அவள் காப்பாற்றிக்கொண்டிருக்கட்டும், எனக்கும் அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கட்டும், சின்ன திருப்திதான். நேரத்துக்குச் சாப்பிடு. கண்ணாடி போட மறக்காதே, உனக்குத் தலைவலி அதனால்தான் வருகிறது, பல தடவை சொல்லிவிட்டேன். காலையில் எழுந்து போக ஓர் இடம் இல்லாத நாட்கள் எனக்கும் தெரியும், ரிட்டையர் ஆன புதிதில் நானும் ஸ்விட்ச்போர்டு இல்லாமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றி வேண்டுமானால் என்னிடம் கேள், உன் அம்மாவுக்கு அது தெரியாது.

நீ நன்றாக இருக்க வேண்டும், தூக்கம் வந்து தூங்கி, பசித்துச் சாப்பிட்டு, யாருக்கும் பயப்படாமல் இருக்க வேண்டும். அப்பாவின் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் நினைவில் வை. சனிக்கிழமை காலையில் உன் அம்மா காய் வாங்கப் போவாள், அவள் போனும் அவளோடு போகும். ஹாலில் இருக்கும் பழைய போனைத் துடைத்து வைத்திருக்கிறேன், நம்பர் உனக்கு மறந்திருக்காது. அடித்தால் நான்தான் எடுப்பேன், யாரிடமும் கொடுக்க மாட்டேன். அப்பாவிடம் சொல்லக்கூடாத விஷயம் எதுவாக இருந்தாலும் அதில் கூப்பிட்டு என்னிடம் சொல். நான் பழைய ஆபரேட்டர், கேட்டதை வெளியே விட்டதில்லை. உன் அப்பாவிடம் சொல்லவே மாட்டேன்.

இப்படிக்கு,
லைனை வைக்காமல் காத்திருக்கும்
உன் அப்பா