அடுப்புப் புகை

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. அம்மாவின் நுரையீரல் உறையில் இருப்பது புற்றுநோய்தான். இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"வீட்ல யாராவது ஆஸ்பெஸ்டாஸ் வேலை பாத்தாங்களா? அவங்க துணிய யாரு துவைச்சது?" என்றுதான் முதலில் கேட்டார். நமக்குத் தெரியாதா? அப்பா நாளெல்லாம் கூரை ஷீட் அறுத்துவிட்டு வருவார். அம்மா அந்தச் சட்டையை நன்றாக உதறிவிட்டுத்தான் தண்ணீரில் போடுவாள். அந்தத் தூள்தான். அறுத்தவருக்கு ஒரு இருமல்கூட இல்லை.

அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "டேய் இன்ஜினியரு, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு. அந்த மனுஷன் அப்புறம் சோத்துல கை வைக்க மாட்டாரு. அடுப்புப் புகைன்னு சொல்லிடு."

சொன்னேன்.

நேற்று வேலை முடிந்து வந்து பார்த்தால் சமையலறையில் பளிச்சென்று வெயில். புகை வெளியே போகட்டும் என்று அப்பா நம் வீட்டுக் கூரை ஷீட்டிலேயே பெரிய ஓட்டையாக அறுத்து வைத்திருக்கிறார். பக்கத்து அறையில் அம்மாவின் போர்வைவரை வெள்ளைத் தூள். "இனிமே உங்கம்மாவுக்கு மூச்சு முட்டாதுடா" என்று சிரிக்கிறார்.

அம்மா முகம் மாறாமல் படுத்தபடியே கை நீட்டினாள். "சட்டையக் கழட்டிக் குடுங்க, ஒரே தூசி. உதறித் தரேன்."

நான் பாய்ந்து பிடுங்கினேன்.

"ஏன்டா, சட்டையில என்னடா இருக்கு?" என்றார் அப்பா.

அம்மா என்னையே பார்த்தாள்.

"அழுக்குப்பா" என்றேன். நீயும் வந்தால் அதையே சொல்.

உன் தம்பி